லோக்கல் ரயிலில் கழிப்பறை கிடையாது

சாப்பிட்டுக்கொண்டே படிக்கும் பழக்கமுள்ளவர்கள் இந்தப் பதிவை அப்புறம் படிக்கவும். விஷயம் 'ரெண்டுக்குப் போவது' பற்றி.

டோம்பிவிலியில் இருக்கும் என் மாமாவுக்கு 2022-ல் மலக்குடலில் புற்றுநோய். (ஆறு மாதம் மூலம் என்றே நினைத்தார். ரத்தம் போனால் மூலம்தான் என்று நாமே முடிவு கட்டிவிடுவோமே.) கதிர்வீச்சு, கீமோ, ஆபரேஷன், சில மாதம் வயிற்றில் பை, பிறகு பையையும் எடுத்தாயிற்று. ஸ்கேன் சுத்தம். 'கண்டம் தாண்டியாச்சு' என்று ஊரிலிருந்து ஒரே போன்.

கஷ்டம் அதற்கப்புறம்தான். ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை. போய்விட்டு வந்து உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் மறுபடியும். வந்தால் அடக்க முடியாது. மும்பை லோக்கலில் கழிப்பறை கிடையாது. மஸ்ஜித் பந்தர் ஆபீசுக்கு ஒரு மணி நேரம் எப்படிப் போவார்? முதலில் காலை டிபனை விட்டார், பிறகு வேலையை விட்டார். கும்பகோணத்தில் தம்பி பெண் கல்யாணத்துக்கும் போகவில்லை.

அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏம்ப்பா, திரும்ப வந்துடுச்சோ? நம்மகிட்ட மறைக்கிறாங்களோ?" என்றார். மாமாவும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார் போல. செக்கப்பில் டாக்டர் 'எப்படி இருக்கீங்க' என்பார், இவர் 'நல்லா இருக்கேன்' என்பார். முடிந்தது.

நான் பி.காம். எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன். மலக்குடல் ஒரு ஸ்ட்ராங் ரூம். வரவை வாங்கி வைத்து, நேரம் பார்த்து வெளியே அனுப்பும். அதை வெட்டிவிட்டு மேல்குடலைக் கீழே இழுத்துத் தைத்தால், வந்தது வந்தபடி கவுண்டருக்கு வந்துவிடும். கதிர்வீச்சு பட்ட தசையும் நரம்பும் காவல் வேலையை முன்போல் பார்ப்பதில்லை. இதற்கு மருத்துவத்தில் 'லார்ஸ்' என்று பெயர். நோய் திரும்பியதற்கான அடையாளம் அல்ல.

இதை அளக்க 2012-ல் டென்மார்க் டாக்டர்கள் ஐந்து கேள்விகள் வெளியிட்டார்கள். காற்று தானாகப் பிரிகிறதா, தண்ணீராகக் கசிகிறதா, தினம் எத்தனை தடவை, ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி போகவேண்டியிருக்கிறதா, ஓடவேண்டிய அவசரம் உண்டா. மொத்தம் 42. இருபது வரை பிரச்னையில்லை, 30-ம் அதற்கு மேலும் கடுமை. (சிபில் ஸ்கோருக்கு நேர் எதிர்!) மார்க் போட்ட விதம்தான் எனக்குப் பிடித்தது. எத்தனை தடவை என்பதற்கு அதிகபட்சம் 5, அவசரத்துக்கு 16. எது வாழ்க்கையைக் கெடுக்கிறது என்று நோயாளிகளிடமே கேட்டுப் போட்ட மார்க்.

பை மாட்டக் கற்றுக்கொடுத்த நர்ஸம்மாதான் ஒருநாள் மாமாவிடம் இந்த ஐந்தையும் கேட்டார். 41. அத்தைக்கு அன்றைக்குத்தான் தூக்கம் வந்தது. "இதுக்குன்னு ஒரு பேர் இருக்குல்ல?"

பிறகு வெளியே கிளம்பும் முன் டாக்டர் எழுதிக்கொடுத்த லோபரமைட், இசப்கோல், இடுப்புத் தசைப் பயிற்சி. பால் காபியைக் குறைக்கச் சொன்னதற்குத்தான் மாமா ரொம்ப முரண்டு பிடித்தார். சிலருக்குத் தண்ணீர் செலுத்திக் குடலைக் காலி செய்யவும் கற்றுத்தருகிறார்கள். முதல் ஒன்றிரண்டு வருஷத்தில் பெரும்பாலும் குறைகிறது, ஆனால் பலருக்குப் பழையபடி முழுசாகத் திரும்புவதில்லை. மறுபடி ரத்தம் போனாலோ எடை இறங்கினாலோ அது வேறு கதை, உடனே காட்டிவிட வேண்டும்.

ஒரு வருஷம் கழித்து மாமாவுக்கு 26. போன தையில் கும்பகோணம் போய்வந்தார். கழிப்பறைக்குப் பக்கத்து பெர்த்தாகப் பார்த்து புக் பண்ணச் சொன்னார், நாமெல்லாம் கிடைத்தால் முகம் சுளிக்கும் அதே பெர்த். ஊரில் யாராவது 'இப்ப உடம்பு எப்படி இருக்கு?' என்று கேட்டால், "இருபத்தாறு" என்கிறாராம்.