சிரிச்சா போச்சு

திருச்சி தென்னூர் உழவர் சந்தைக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு சலூன். ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் பெஞ்சு நிறைந்துவிடும். பாதிப் பேர் சந்தையிலிருந்து நேரே வந்தவர்கள். காலடியில் துணிப்பை, பையிலிருந்து எட்டிப் பார்க்கும் முருங்கைக்காய். டிவிக்கு நேர் கீழே இருக்கும் ஸ்டூலை யாரும் விரும்புவதில்லை, அதனால் அது எப்போதும் எனக்குத்தான். அங்கே உட்கார்ந்தால் டிவி தெரியாது. டிவி பார்க்கிறவர்களின் முகம் தெரியும்.

அன்று கடைப்பையன் யூடியூபில் பழைய ‘அது இது எது’வைப் போட்டுவிட்டிருந்தான். விஜய் டிவி நிகழ்ச்சி. அதில் ‘சிரிச்சா போச்சு’ என்று ஒரு சுற்று: எதிரே வந்து கோமாளித்தனம் செய்வார்கள், விருந்தினர் சிரிக்கக் கூடாது. தொகுப்பாளர் சிவகார்த்திகேயன், ஒல்லியாக, வாய் ஓயாமல். கன்னம் முழுக்க நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருந்தவருக்கு வயிறு குலுங்க ஆரம்பித்தது. கடைக்காரர் கத்தியைத் தூக்கிக்கொண்டு ஓரடி பின்வாங்கினார்.

“ஆடாதீங்க சார். இங்க சிரிச்சா நெசமாவே போச்சு.”

பெஞ்சு மொத்தமும் சிரித்தது. நுரைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நம்ம ஊருப் பையன்ல” என்றார்.

“எங்க நம்ம ஊரு? பொறந்தது சிங்கம்புணரி.”

“படிச்சது கேம்பியன் ஸ்கூல்ல. அப்புறம் ஜே.ஜே. காலேஜ்ல இன்ஜினியரிங். அப்பா ஜெயில் சூப்பிரண்டு. வேற என்னய்யா வேணும் ஒனக்கு?”

சிங்கம்புணரிக்காரர் அடங்கிவிட்டார். இருவர் சொன்னதும் சரிதான். பிறந்தது 1985இல். கல்லூரியில் படிக்கும்போதே அப்பா போய்விட்டார். மேடையில் மிமிக்ரி செய்த பையன் ‘கலக்கப் போவது யாரு’ போட்டிக்குப் போய்ப் பட்டம் ஜெயித்து, அப்படியே தொகுப்பாளரானார். 2012இல் பாண்டிராஜின் ‘மெரினா’, அதே வருஷம் தனுஷோடு ‘3’. அடுத்த வருஷம் இந்த ஊரிலேயே நடக்கும் கதையாக ‘கேடி பில்லா கில்லாடி ரங்கா’. வேலையில்லாமல் கவுன்சிலர் கனவு காணும் இரண்டு பேரில் ஒருவர். அதோடு ‘எதிர்நீச்சல்’, ‘வருத்தப்படாத வாலிபர் சங்கம்’. ஒரே வருஷத்தில் மூன்றும் ஓடின.

கடைக்காரருக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். கத்தியைத் தீட்டிக்கொண்டே தன் அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் வருகிறவன் போகிறவனெல்லாம் பாகவதர் கிராப்பு கேட்பானாம். பிடரி வரை முடி வளர்த்துக்கொண்டு வந்து, பின்னால் சுருட்டி விடச் சொல்வானாம். “இருக்கறது கோரை முடி, கேக்கறது பாகவதர் கிராப்பு. எங்கப்பா என்னதான் பண்ணுவாரு?”

அந்தக் காலத்துச் சினிமா நட்சத்திரம் எம்.கே. தியாகராஜ பாகவதர் திருச்சியில் வளர்ந்தவர். 1944இல் வந்த அவருடைய ‘ஹரிதாஸ்’ சென்னையில் மூன்று தீபாவளி கண்டது. அந்த வருஷமே பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதாகி, 1947இல் வெளியே வந்தபோது ஊரும் ரசனையும் மாறியிருந்தன. 49 வயதில் முடிந்த வாழ்க்கை. ஆனாலும் அவர் கிராப்பு மட்டும் இந்தக் கடையில் இன்னும் பேச்சில் இருக்கிறது.

“இப்ப சிவகார்த்திகேயன் கட்டிங்குன்னு கேட்டு வர்றாங்களாண்ணே?” என்றான் ஒரு காலேஜ் பையன்.

“ஒருத்தனும் கேட்டதில்ல தம்பி.”

எப்படிக் கேட்பான்? பாகவதரைப் போல் ஆக ஆசைப்பட வேண்டியிருந்தது. சிவகார்த்திகேயன் ஏற்கெனவே கேட்கிறவனைப் போலத்தான் இருக்கிறார். வருஷக்கணக்கில் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் கூடத்துக்குள் வந்து பேசிவிட்டுப் போனவரை யார் அண்ணாந்து பார்ப்பார்கள்? டிவி கொடுத்த வரமும் அதுதான், போட்ட விலங்கும் அதுதான். தொகுப்பாளருக்கு ஒரு நொடி மௌனம்கூடக் குற்றம். உடனே இட்டு நிரப்பியாக வேண்டும். அந்தப் பழக்கம் படத்துக்குள்ளும் தொடர்ந்தது. பெண்ணைத் துரத்தித் துரத்திப் பேசியே மடக்கும் கதைகளில் அந்தச் சாமர்த்தியம் ஒரு கட்டத்துக்கு மேல் எனக்குச் சலித்தது.

“‘அமரன்’ பாத்தியா? எங்க வீட்டம்மா தேட்டர்ல அழுதுட்டா” என்றார் நுரைக்காரர், இப்போது நுரை இல்லாமல். 2024 தீபாவளிக்கு வந்த படம். காஷ்மீரில் உயிர்நீத்து அசோக சக்ரா பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜனின் வாழ்க்கை. அந்தப் படத்தோடுதான் இவர் நடிகரானார் என்று பெஞ்சு ஏகமனதாகத் தீர்மானித்தது.

நான் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் 2021இல் வந்த ‘டாக்டர்’ என்றிருப்பேன். இயக்கிய நெல்சனும் விஜய் டிவியில் நிகழ்ச்சி செய்து பழகியவர். இந்த வாயின் பலம் தெரிந்தவர். அதனால்தானோ என்னவோ, அதையே பிடுங்கிவிட்டார். சுற்றி இருக்கிறவர்கள் அடிக்கும் கூத்துக்குத் தியேட்டர் சிரிக்கிறது; நடுவில் இவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அடுத்தவர் சிரித்தால் அவுட் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் தானே அந்த ஆட்டத்தில் உட்கார்ந்து ஜெயித்த மாதிரி இருந்தது. ‘அமரன்’ அதற்கு அப்புறம்தான்.