ஒற்றைப் பூட்ஸ்

மனிதனுக்கு இரண்டு கால் என்பது உண்மை. இரண்டும் ஒரே அளவு என்பது பெரும்பாலும் கற்பனை. என் வலது கால் இடது காலைவிட ஒரு நூல் பெரியது. எந்தப் பூட்ஸ் வாங்கினாலும் இடது கால் தனி வீட்டில் வாசம். வலது காலுக்கு ஒண்டுக் குடித்தனம்தான்.

நடப்பவனுக்கு இது சில்லறைச் சங்கடம். சக்கரம் வைத்த சறுக்குப் பலகையில் நிற்பவனுக்கு அப்படி அல்ல. அதற்குப் பிரேக்கும் கிடையாது, பிடித்துக்கொள்ளக் கம்பியும் கிடையாது. திருப்புவது, தூக்குவது, நிறுத்துவது எல்லாம் பாதத்தின் பொறுப்பு. பூட்ஸ் சரியில்லை என்றால் விழ வேண்டியதுதான்.

கலிபோர்னியாவில் இருக்கும் என் பேரனுக்கு இந்தப் பலகைப் பைத்தியம் உண்டு. சிநேகிதர்கள் போட்டிருந்த அதே பூட்ஸை அவனும் வாங்கினான். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஒரு வாரத்தில் சுண்டுவிரலில் கொப்புளம். "எனக்கு இது வராது தாத்தா" என்று பலகையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டான். எனக்குப் பகீரென்றது. வராதது வித்தையா, பொருந்தாதது பூட்ஸா? இந்த வித்தியாசம் தெரியாமல் எத்தனை பிள்ளைகள் எத்தனை வித்தைகளைக் கைவிட்டிருப்பார்கள்!

மறுநாள் சாயங்காலம் கடைக்குப் போனோம். பகலெல்லாம் நடந்த பாதம் சற்றே வீங்கியிருக்கும்; அந்த அளவுதான் நம்பத்தக்கது. கடைக்காரர் கெட்டிக்காரர். காலுறையோடு நிற்க வைத்து, இரண்டு பாதங்களையும் அளந்தார். பெரிய காலுக்குத்தான் பூட்ஸ் பார்க்க வேண்டுமாம். விரல் நுனி இடிக்கக் கூடாது. குதிகால் உள்ளே எழும்பவும் கூடாது. பக்கவாட்டில் நெருக்கினால் நீளத்தைக் கூட்டிப் பயனில்லை. அகலமாகத் தைத்ததைத் தேட வேண்டும்.

அடிப்பாகத்திலும் இரண்டு ஜாதி உண்டு. ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்திய மெல்லிய அடி, பலகையின் அசைவைப் பாதத்துக்கு உணர்த்தும். கிண்ணம்போல் வார்த்த தடித்த அடி, உயரத்திலிருந்து குதிப்பவனின் குதிகாலைக் காப்பாற்றும். ஓட்டப் பந்தயப் பூட்ஸுக்கு இங்கே வேலை இல்லை. அதன் உயர்ந்த, மெத்தென்ற குதிகால் பலகையில் தள்ளாட வைக்கும். பலகையின் மேலே ஒட்டியிருப்பதோ உப்புத்தாள் மாதிரிச் சொரசொரப்பு. கான்வாஸ் துணி சீக்கிரம் கிழியும். ஸ்வேட் தோல் தாக்குப்பிடிக்கும்.

பேரன் ஆறு ஜோடியைப் போட்டுப் பார்த்து, கடைசியில் பழுப்பு நிறத்தில் சாதுவான ஒன்றை எடுத்தான். "அழகா இல்லே, ஆனா கால் பேசாம இருக்கு" என்றான். நல்ல பூட்ஸுக்கு இதைவிட என்ன இலக்கணம் வேண்டும்? அன்றிரவே பலகை கட்டிலடியை விட்டு வெளியே வந்துவிட்டது.

பால் வான் டோரன் என்பவர் 1966-இல் அனஹைம் நகரில் பூட்ஸ் கடை திறந்தார். 'வான்ஸ்' என்று இன்று உலகமெல்லாம் அறிந்த பெயர் அதுதான். அக்காலப் பலகைப் பையன்கள் ஒரு காலைத் தரையில் தேய்த்து வேகத்தை அடக்குவார்கள். ஒரு பூட்ஸ் தேய்ந்து ஓட்டையாகும். மற்றது புதிதாகவே இருக்கும். ஜோடியாக வாங்க எல்லார் கையிலும் காசு இருக்குமா? அவர் கடையில் ஒற்றைப் பூட்ஸும் விற்றார்கள். பிறகு 1976-இல் டோனி அல்வா, ஸ்டேசி பெரால்டா என்ற இரு பலகை வீரர்களின் யோசனையைக் கேட்டு, கணுக்காலுக்கு மெத்தை வைத்து ஒரு பூட்ஸ் செய்தார்கள்.

அந்தக் கடைக்காரர் காலைப் பார்த்து வியாபாரம் செய்தார். வாங்குகிற நாமும் நம் காலைப் பார்த்து வாங்கினால் போதும்.