வருகைப் பதிவு

முதல் வகுப்புக்குத் தினமும் தாமதமாக வந்த மாணவி ஒருத்திக்கு ஒரு பருவம் முழுக்க வருகைப் பதிவு மறுத்தேன். அப்போது நான் நடத்திக்கொண்டிருந்தது திணைக் கோட்பாடு. நிலமும் பொழுதும் முதற்பொருள், மனித மனம் அவள் நிற்கும் நிலத்தோடு பிணைந்தது என்று கரும்பலகையில் எழுதினேன். பிந்தி வந்து கடைசி வரிசையில் அமர்ந்தவளிடம், எந்த நிலத்திலிருந்து வருகிறாய் என்று கேட்கத் தோன்றவில்லை.

அபராதம் கட்டித் தேர்வு எழுதிய பிறகு அவளே சொன்னாள். "கண்ணகி நகர் மேடம். ரெண்டு பஸ் மாறணும்." வழியில் நம்பிப் போகக் கழிப்பறை இல்லாததால் காலையில் தண்ணீர் குடிப்பதில்லை. சிறுநீர்த் தொற்றுக்கு இரண்டு முறை மருந்து சாப்பிட்டிருக்கிறாள். ஆற்றங்கரையில் குடிசை இருந்தபோது அவள் அம்மா வேலைக்கு நடந்தே போனார். இப்போது அதே வீடுகளுக்குப் போக இருபது கிலோமீட்டர்.

எனக்கு நகரத் திட்டமிடல் தெரியாது. தேடிப் படித்தபோதுதான் மிண்டி ஃபுல்லிலவை அறிந்தேன். அமெரிக்கக் கறுப்பினப் பெண், மனநல மருத்துவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எய்ட்ஸ் பரவலை ஆராய்ந்தவர், நோயைத் தொடர்ந்து போய் இடிக்கப்பட்ட தெருக்களை வந்தடைந்தார். 1949 வீட்டுவசதிச் சட்டத்துக்குப் பின், 'நகரப் புதுப்பிப்பு' என்ற பெயரில் கறுப்பின மக்களின் குடியிருப்புகள் தரைமட்டமாக்கப்பட்டன. பிட்ஸ்பர்கின் ஹில் பகுதியில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். அங்கே எழுந்தது ஒரு பெரிய அரங்கம்.

போனது சுவர் மட்டுமல்ல. கடன் கொடுத்த கடை, பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரி, எல்லாம் ஒரே நாளில் போயின. பிடுங்கி நட்ட செடி வாடிப்போவதற்குத் தோட்டக்காரர்கள் சொல்லும் வார்த்தையை அவர் இதற்கு வைத்தார்: 'ரூட் ஷாக்', வேரதிர்ச்சி. 2004இல் அதே தலைப்பில் நூல் எழுதினார். அந்த அதிர்ச்சி உடலில் தங்கும், அடுத்த தலைமுறைக்கும் போகும் என்பது அவர் வாதம். பின்னாளில் அந்த மருத்துவர் நகரக் கொள்கைப் பேராசிரியரானார்.

நம் ஊரில் வீடு கொடுத்தாயிற்று என்பதோடு கணக்கு முடிந்துவிடுகிறது. தூரத்தை யார் உடலால் கட்டித் தீர்க்கிறார்கள் என்பதற்கு அதில் இடமில்லை. நகரை எரித்தவளின் பெயரை, நகரிலிருந்து அகற்றப்பட்டவர்களின் குடியிருப்புக்கு வைத்திருக்கிறோம். சிலப்பதிகாரம் நடத்தும் எனக்கே அது அவள் சொல்லும்வரை உறைக்கவில்லை. அவளுடைய பொறுமையின்மை என்று நான் நினைத்தது அவளுடைய பேருந்து.

அந்தப் பதிவேட்டை இனித் திருத்த முடியாது. இப்போது திணைப் பாடத்தின் முதல் நாளில், வீட்டிலிருந்து வகுப்புவரை வரும் வழியை எழுதச் சொல்கிறேன். எங்கே நடக்கிறீர்கள், எங்கே காத்திருக்கிறீர்கள், எங்கே தண்ணீர் குடிக்கிறீர்கள், கழிப்பறை எங்கே. பையன்களின் தாளில் டீக்கடைகள் வருகின்றன. சென்ற ஆண்டு ஏழு பெண்கள் கடைசிக் கேள்விக்கு ஒரே பதிலை எழுதியிருந்தார்கள்: வீட்டுக்குத் திரும்பும்வரை போவதில்லை.