பாஸ்வேர்டு இல்லாட்டியும் அட்மின் அட்மின்தான்

சென்னை

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கிளியரிங் ஆபீஸ் கம்ப்யூட்டரைப் பற்றி நீ போனில் கேட்டதற்கு அவசரத்தில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

“பாஸ்வேர்டு வைக்காத கணக்குக்கு விண்டோஸ் பெரிய உரிமை எதுவும் தராது” என்று அங்கே சொல்கிறார்களாமே, அதை நம்பாதே. பாஸ்வேர்டு கேட்பது உள்ளே நுழையும்போது மட்டும்தான். பாஸ்வேர்டே வைக்காத கணக்குக்கு, ஒன்றும் அடிக்காமல் என்டர் தட்டுவதே சரியான விடை. நுழைந்தபின் அந்தக் கணக்கு எந்தெந்தக் குழுவில் இருக்கிறதோ, அந்தக் குழுக்களின் உரிமை முழுவதும் அதற்கு உண்டு. ‘ஆத்தென்டிகேட்டட் யூசர்ஸ்’ குழுவிலும் அது அடங்கும். கெஸ்ட் கணக்குதான் அதில் சேராது. அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவில் இருந்தால் முழு அட்மின்தான்.

விண்டோஸ் போடும் கட்டுப்பாடு வேறு இடத்தில் இருக்கிறது. 2001-இல் எக்ஸ்பி வந்ததிலிருந்து, பாஸ்வேர்டு இல்லாத கணக்கில் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துதான் நுழைய முடியும். நெட்வொர்க் வழியாகவோ ரிமோட் டெஸ்க்டாப்பிலோ விடாது. தூரத்திலிருந்து நோண்டுகிறவனுக்கு 12345 என்ற பாஸ்வேர்டைவிட இது கடினம். பக்கத்து மேசையிலிருந்து ஷேர் ஃபோல்டர் திறக்கவில்லை என்று அந்தக் கட்டுப்பாட்டை நிறுத்தச் சொன்னார்கள் என்றாயே, செய்துவிடாதே. இருக்கிற ஒரே தடுப்பும் போய்விடும்.

ஆனால் எனக்குக் கவலை, அந்தக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வருகிறவர்களைப் பற்றித்தான். கப்பல் கட்-ஆஃப் நெருங்கும் ராத்திரியில் லாரி டிரைவர்களும் மற்ற ஏஜென்சிப் பையன்களும் வந்துபோய்க்கொண்டிருப்பார்கள். கஸ்டம்ஸின் ஐஸ்கேட் தளத்தில் ஷிப்பிங் பில் போடுவதும், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் சொருகியிருப்பதும் அதே கம்ப்யூட்டரில். டோக்கனுக்குத் தனி பின் நம்பர் உண்டுதான். அட்மினாக நுழைந்த ஒருவன், நீ தட்டும் ஒவ்வொரு கீயையும் பதிவுசெய்யும் புரோகிராமை வைத்துவிட்டால் அந்த பின்னும் அவன் கைக்குப் போய்விடும். அப்புறம் உன் முதலாளியின் கையெழுத்தில் எது போனாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

நாளைக்கே அட்மின் கணக்குக்கு நீளமான பாஸ்வேர்டு வை. ஆளுக்கொரு ஸ்டாண்டர்டு கணக்கு, பாஸ்வேர்டோடு, தொடங்கு. அன்றாட வேலை அதில் நடக்கட்டும். வேலையை விட்டுப் போனவர்களின் கணக்குகளை எடுத்துவிடு. இருக்கையை விட்டு எழும்போதெல்லாம் விண்டோஸ் கீயையும் L கீயையும் சேர்த்துத் தட்டிப் பூட்டு. இதெல்லாம் சிரமம் என்று முதலாளி சொன்னால் என்னோடு பேசச் சொல். நான் எடுத்துச் சொல்கிறேன்.

பனிமய மாதா திருவிழாவுக்கு ஊருக்கு வருகிறேன். அப்போது ஷேர் ஃபோல்டரில் யார் யாருக்கு என்ன அனுமதி என்பதையும் இரண்டு பேருமாக உட்கார்ந்து சரிசெய்துவிடலாம்.

அன்புடன்,
அக்கா