கோபுரம் வேண்டாம், வான்கதவு போதும்



இரணைமடுக் குளக்கட்டில் இருந்து எழுதுகிறேன். ஊர்வலத்தில் எங்கள் கட்டடக் கலையைக் காட்ட ஓர் ஊர்தி செய்கிறோம், எந்தக் கோபுரத்தை வைக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். கோபுரமே வேண்டாம் என்பேன். நல்லூர்ச் சப்பறத்தைப் பார்த்து வளர்ந்த சனத்துக்கு முன்னால் லொறியில் நிற்கிற ரெஜிபோம் கோபுரம் எடுபடுமா?

இந்தக் குளத்தின் வான்கதவுகளைச் செய்யுங்கள். கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் தொடங்கிய வேலை 1920இல் முடிந்தது. 1950களில் கட்டை இன்னும் உயர்த்தினார்கள். கடைசியாகப் புனரமைத்துத் திறந்தது 2018 டிசம்பரில். மாரியில் 36 அடிக்கு நீர் ஏறிவிட்டால் கதவுகளைத் தூக்குவார்கள். வான் பாய்வதைப் பார்க்கக் கிளிநொச்சியே திரண்டு வரும். சீமெந்துத் தூண், இரும்புக் கதவு, மேலே ஒரு நடைபாதை, அவ்வளவுதான். சிற்பம் ஒன்றும் கிடையாது. ஆனால் கதவு எழும்பும், தண்ணீர் பாயும். இரண்டு கதவு போதும். கப்பியில் கயிறு போட்டு உள்ளே இருந்து ஒருவர் இழுக்க, நீலத் துணி உருண்டு விழட்டும். கட்டோரத்துக் கனகாம்பிகை அம்மன் கோயிலையும் சின்னதாக ஒரு மூலையில் வையுங்கள். நடுவில் வைத்தால் பிறகு அது கோயில் ஊர்திதான்.

2024 டில்லிக் குடியரசு தின அணிவகுப்பில் தமிழ்நாட்டு ஊர்தி உத்திரமேரூரைக் கொண்டுபோனது. வைகுண்டப் பெருமாள் கோயிலும் அதில் இருந்தது. என்றாலும் பேசப்பட்டது குடவோலைத் தேர்தல்தான். கட்டடத்தில் என்ன நடந்தது என்று காட்டினால் பார்க்கிறவன் நிற்பான்.

உடுப்பு விஷயத்தில் கவனம். 1931இல் நியூயோர்க்கில் கட்டடக் கலைஞர்கள் கூடிய மாறுவேட விருந்துக்கு, வில்லியம் வான் அலன் தான் வடிவமைத்த கிறைஸ்லர் கட்டடத்தையே உடுத்திக்கொண்டு போனார்; தலையில் அதன் உச்சிக் கூம்பு. படத்துக்கு நல்லாயிருக்கு. பிள்ளைகளை அப்படி அட்டைப்பெட்டிக்குள் இறக்கி வெயிலில் நடத்திவிடாதீர்கள், பாவம். மடித்துக் கட்டிய சாரம், தலையில் துவாய், தோளில் மண்வெட்டி, இடுப்பில் கடகம். கமக்காரரின் இந்தக் கோலத்தில் ஆடவும் முடியும், நடக்கவும் முடியும்.

வான்கதவின் படங்களைத் தனியே அனுப்புகிறேன். ஊர்வலம் போகிற தெருவில் ஆகத் தாழ்ந்த மின்கம்பி எத்தனை அடியில் இருக்கிறது என்று அளந்து உடனே எழுதுங்கள். தூணின் உயரத்தை அதை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.