திருப்பூர்: நாலு மெஷின் போட்டால் முதலாளி

திருப்பூரைப் பார்க்கப் போகிறவர்கள் சனிக்கிழமை சாயங்காலம் போக வேண்டும். அன்றைக்குத்தான் பெரும்பாலான பனியன் கம்பெனிகளில் சம்பளம். மாதச் சம்பளம் இல்லை, வாரச் சம்பளம். இருட்டியதும் மளிகைக் கடை, பரோட்டா கடை, செல்போன் கடை என்று எல்லா இடத்திலும் கூட்டம் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை பஜாரில் நடக்க இடம் இருக்காது. திங்கள்கிழமை காலையில் ஊர் மறுபடியும் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிடும். வேலை நேரத்தைக்கூட இங்கே மணியில் சொல்வதில்லை. எட்டு மணி நேரம் என்றால் ஒரு ஷிப்ட், பன்னிரண்டு மணி நேரம் என்றால் ஒன்றரை ஷிப்ட். ‘எத்தனை ஷிப்டுங்க?’ என்பதுதான் கேள்வி.

ரயில்வே ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால், 1932-ல் கொடியை விடாமல் அடிபட்டு உயிர்விட்ட குமரனின் நினைவிடம் பக்கத்திலேயே இருக்கிறது. நடந்து போகும் தூரத்தில் காதர்பேட்டை. ஐரோப்பாவுக்குப் போக வேண்டிய டி-ஷர்ட்டுகளில் மிஞ்சியதும், செக்கிங்கில் கழிந்ததும் இங்கே மலையாகக் குவிந்திருக்கும். “ஏனுங்ண்ணா, இது எவ்வளவுங்க?” என்று கேட்டால், “எத்தனை பீஸுங்க வேணும்?” என்று பதில் கேள்வி வரும். ஒன்று மட்டும் வாங்குபவர்களுக்கு அவ்வளவு மரியாதை கிடையாது. குழந்தைத் துணி வாங்குவதாக இருந்தால் தையலைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

ஆனால், ‘பெரிய ஃபேக்டரியைப் பார்க்கலாம்’ என்று நினைத்து இந்த ஊருக்கு வருகிறவர்கள் கொஞ்சம் குழம்பிப்போவார்கள். ஒரு டி-ஷர்ட் எங்கே தயாராகிறது என்று கேட்டால் ஒற்றை முகவரி கிடைப்பது கஷ்டம். கோவை, திண்டுக்கல் பக்கத்து மில்லிலிருந்து நூல் வரும். ஒரு தெருவில் நிட்டிங். அங்கிருந்து துணி சாயப்பட்டறைக்கு, பிறகு காம்பாக்டிங்குக்கு, அடுத்து கட்டிங் மாஸ்டரிடம். படம் அச்சடிக்க இன்னொரு இடம், தைக்க பவர் டேபிள், பொத்தான் வைக்கக் காஜா பட்டன் கடை, கடைசியில் செக்கிங், அயர்னிங், பேக்கிங். ஒவ்வொன்றும் வேறு வேறு முதலாளி. நடுவே துணி ரோல்களை ஏற்றிக்கொண்டு குட்டி யானைகள் சந்து சந்தாக ஓடிக்கொண்டே இருக்கும். ஊரே ஒரு ஃபேக்டரி, தெருக்கள்தான் அதன் கன்வேயர் பெல்ட்.

இதற்கு இங்கே பெயர் ‘ஜாப் ஒர்க்’. ஆர்டர் பிடித்தவருக்கு மெஷின் சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. மெஷின் வைத்திருப்பவருக்கு இத்தாலிக்காரரையோ ஜெர்மன்காரரையோ தெரிந்திருக்க வேண்டியதில்லை. டெய்லராக ஐந்தாறு வருடம் உட்கார்ந்து தொழிலைக் கற்றுக்கொண்டவர், நாலு மெஷினை வாடகைக் கட்டடத்தில் போட்டுத் தனியாக ஆரம்பித்துவிடலாம். நேற்று வரை வேலை கொடுத்த முதலாளியே இன்று முதல் ஆர்டரையும் கொடுப்பார். சரக்கு போய்ப் பணம் வரும்வரை நூல்காரரும் சாயக்காரரும் பொறுத்துக்கொள்வார்கள். எழுதிவைத்த ஒப்பந்தத்தைவிட, “சரிங்க, பார்த்துக்கலாமுங்க” என்ற வார்த்தைக்குப் பல இடங்களில் மதிப்பு அதிகம்.

ஷரத் சாரி என்ற புவியியல் ஆய்வாளர் 1990-களில் இங்கே தங்கி ஆராய்ந்து, 2004-ல் ஒரு புத்தகமே எழுதினார். சுற்றுவட்டார விவசாயக் குடும்பங்களிலிருந்து, குறிப்பாகக் கவுண்டர் சமூகத்திலிருந்து, பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்தவர்கள் பலர் முதலாளிகளானதை அவர் விரிவாகப் பதிவு செய்தார். ‘எப்படி முன்னுக்கு வந்தீர்கள்?’ என்ற கேள்விக்கு அவர்களிடம் இருந்த பதில் ஒரே சொல்: உழைப்பு. காட்டில் பாடுபட்ட அதே கை, கம்பெனியிலும் பாடுபட்டது என்ற பெருமை அதில் இருக்கிறது.

அந்தப் பெருமை பொய்யில்லை. ஆனால் உழைப்பு மட்டும் போதும் என்றால், தைத்த துணியை நின்றபடியே அடுக்கிக் கொடுக்கும் கைமடி அக்காக்கள் எப்போதோ முதலாளி ஆகியிருக்க வேண்டும். உழைப்போடு வேறு சிலதும் சேர்ந்தன. பங்காளியும் மச்சானும் பார்ட்னராக வந்தார்கள். ஊரில் இருந்த கொஞ்சம் நிலம் கடனுக்கு ஈடாக நின்றது. ‘இன்னார் மகன்’ என்று சொல்லிக் கடன் வாங்க முடிந்தது. தொழில் பெரிதானதும் பார்ட்னர்கள் பிரிந்து ஆளுக்கொரு கம்பெனி வைத்தார்கள். வேறு ஊரில் ஒரு கம்பெனி வளர்ந்து பெரிய கம்பெனி ஆகும். இங்கே ஒரு கம்பெனி வளர்ந்து நாலு கம்பெனி ஆனது.

இன்னொரு காரணமும் உண்டு, அதை மேடைகளில் அதிகம் சொல்வதில்லை. 1984-ல் பஞ்சப்படி கேட்டுத் தொழிலாளர்கள் 127 நாள்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்குப் பிறகு, ஒரே கூரைக்குள் இருந்த வேலை சின்னச் சின்னக் கூரைகளுக்குச் சிதறுவது வேகமெடுத்தது. சிதறிய இடத்தில் சங்கம் கட்டுவது சுலபமில்லை.

வெள்ளைப் பனியன் நெய்துகொண்டிருந்த ஊர் உலகச் சந்தைக்குள் நுழைந்தது 1978-ல் என்பார்கள். இத்தாலிக்காரர் ஒருவர் வெள்ளை டி-ஷர்ட் தேடி வந்தார். பின்னாலேயே ஐரோப்பியக் கம்பெனிகள் வந்தன. 1985-ல் சுமார் 15 கோடி ரூபாயாக இருந்த ஏற்றுமதி, 2024-25-ல் 40 ஆயிரம் கோடியை ஒட்டி வந்துவிட்டது. போட்டி போட்ட முதலாளிகளே 1990-ல் ஏற்றுமதியாளர் சங்கம் வைத்தார்கள். தண்ணீர் போதாதபோது, அரசும் தனியாரும் சேர்ந்து பவானி பக்கமிருந்து காவிரி நீரைக் குழாயில் கொண்டுவரும் திட்டமே போட்டார்கள். 2005-ல் தண்ணீர் வந்தது.

வந்த தண்ணீர் எங்கே போனது? ஊருக்கு நடுவே ஓடும் நொய்யலைப் பாலத்தில் நின்று பார்க்காமல் திரும்பாதீர்கள். பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு நிறைய வேண்டும். சாயம் துணியில் தங்கும், உப்பு தண்ணீரோடு போய்விடும். சென்னிமலைப் பக்கம் பாசனத்துக்காகக் கட்டி 1992-ல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவின் தொட்டியானது. கீழே இருந்த கிணறுகள் கெட்டன, வயல்கள் கெட்டன. நஷ்டப்பட்டவர்கள் யார்? முதலாளிகளின் அப்பாக்களைப் போலவே காட்டில் பாடுபட்ட விவசாயிகள்தான். அவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவை ஆலைகளை மொத்தமாக மூடச் சொன்னது. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள் நின்றன. ‘பார்த்துக்கலாமுங்க’ என்ற வார்த்தை கம்பெனிக்கும் கம்பெனிக்கும் நடுவே செல்லுபடியானது, ஆற்றிடம் செல்லவில்லை.

அதன்பிறகு நடந்ததை இந்த ஊரின் கெட்டிக்காரத்தனத்துக்குக் கணக்கு வைக்க வேண்டும். கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்பு முறைக்கு மாறினார்கள். சவ்வு வழியாக வடிகட்டி, மிச்சத்தைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி, தண்ணீரையும் உப்பையும் திரும்ப எடுத்துச் சாயத்துக்கே பயன்படுத்துகிறார்கள். செலவு அதிகம். தனியாகத் தாங்க முடியாது என்பதால் பல பட்டறைகள் சேர்ந்து பொது நிலையம் நடத்துகின்றன. அந்தச் செலவுக்குத் தாக்குப்பிடிக்காத சின்னப் பட்டறைகள் திரும்பத் திறக்கவே இல்லை.

‘நாலு மெஷின்’ கதைக்கும் இப்போது அதே மாதிரி ஒரு நெருக்கடி. வெளிநாட்டு பிராண்டுகள் சட்டை எங்கே வெட்டப்பட்டது, யார் தைத்தார்கள், கழிவறை எப்படி இருக்கிறது என்று வந்து தணிக்கை செய்கின்றன. தொழிலாளிக்கு அது நல்லதுதான். ஆனால் அதற்காகவே எல்லா வேலையையும் ஒரே வளாகத்துக்குள் கொண்டுவரும் பெரிய கம்பெனிகள் பெருகுகின்றன. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு வரியை 50 சதவிகிதமாக்கியது போன்ற அடி விழும்போது, பெரியவர் முதலில் வெளியே கொடுத்திருக்கும் வேலையைத்தான் நிறுத்துவார். வாடகைக் கட்டடத்தில் பத்து மெஷின் வைத்திருப்பவர் அந்த வாரச் சம்பளத்தை எங்கிருந்து எடுப்பார்?

மெஷினில் உட்கார்ந்திருப்பவர்களும் மாறிவிட்டார்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் இப்போது ஏராளம். ஞாயிற்றுக்கிழமை காதர்பேட்டையில் கடைக்காரர்கள் இந்தியில் பேரம் பேசுகிறார்கள். ஒன்றரை ஷிப்ட் உழைப்பு இவர்களிடமும் இருக்கிறது, தொழிலும் தெரிகிறது. இல்லாதது, ‘இன்னார் மகன்’ என்று சொல்ல ஓர் ஆள். நூலைக் கடனாகக் கொடுக்கிறவர் இவர்களுக்கும் கொடுப்பாரா என்பதுதான் இந்த ஊரில் நான் பலமுறை யோசித்த கேள்வி.

மின்கம்பங்களில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களைப் படித்தபடியே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். ‘ஓவர்லாக் டெய்லர், சிங்கர் டெய்லர், கைமடி தேவை’ என்று தமிழிலும் இந்தியிலும் இருந்தது. ‘பவர் டேபிள் வாடகைக்கு’ என்பது தமிழில் மட்டும். டெய்லராக வந்து, தன் ஊர்ப் பையன்களைக் கூட்டிவந்து, பீஸ் ரேட்டில் கான்ட்ராக்ட் எடுக்கும் வடமாநிலத்துக்காரர்கள் சிலர் இப்போது இருக்கிறார்கள். திருப்பூர் முதலாளிகளில் பலர் ஒரு காலத்தில் ஏறியதும் அந்தப் படியில்தான்.