இரும்புக்கு ஒரு விசிறி

மோட்டார் சைக்கிளின் இயந்திரத்துள் எரிகின்ற பெற்றோலிலே ஏறத்தாழக் காற்பங்கு மாத்திரமே சக்கரத்தைச் சுழற்றும் வேலையாக மாறுகின்றது. எஞ்சியதிற் பெரும்பகுதி புகைக்குழாய் வழியாகவும் சிலிண்டர்ச் சுவரின் வழியாகவும் வெப்பமாக வெளியேறுகின்றது. வெளியேற வழியில்லாவிடின் எண்ணெய் நீர்த்துப்போகும். உலோகத்துக்கும் உலோகத்துக்கும் இடையே அது விரித்த மெல்லிய படலம் அறும். பிஸ்டன் சிலிண்டரைப் பற்றிக்கொள்ளும். அத்துடன் வண்டியின் கதை முடிந்தது. வண்டியை நம்பி உலைவைப்பவனின் கதை என்னவாகும் என்பதைப் பாடநூல்கள் கூறுவதில்லை.

இவ்வெப்பத்தைப் போக்குவதற்காகவே சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்கான உலோகச் செட்டைகளை வார்த்து வைத்திருக்கின்றார்கள். பரப்பு விரிய விரிய, அதனைத் தழுவிச் செல்லும் காற்று வெப்பத்தை வாரிச் செல்கின்றது. எளிமையான ஏற்பாடு, தண்ணீர் வேண்டாம், குழாய் வேண்டாம். ஆனால் இதற்குள் ஒரு நிபந்தனை ஒளிந்து கிடக்கின்றது. வண்டி ஓடிக்கொண்டேயிருக்க வேண்டும். நிற்கின்ற வண்டிக்குக் காற்று வருவதில்லை, நெருப்போ நிற்பதில்லை.

வண்டிகளை ஆக்கியோர் இதனை அறியாதவர்களல்லர். 1946இல் இத்தாலியில் வெஸ்பா ஸ்கூட்டரை வெளியிட்டவர்கள், இயந்திரத்தை மூடிக்குள் மறைத்தபோதே சுழற்சில்லில் விசிறியொன்றையும் பொருத்தினார்கள். நம் வீதிகளில் ஓடும் முச்சக்கர வண்டிகள் பலவற்றிலும், பின்புறத்தில் அடைபட்டிருக்கும் இயந்திரத்துக்கு அவ்வாறே விசிறி உண்டு. திறந்த மேனியாய்க் காற்றை எதிர்கொள்ளும் சாதாரண மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் அது தேவையில்லை என்று கருதினார்கள். காலையில் வேலைக்குப் போய் மாலையில் வீடு திரும்பும் ஒருவனைப் பொறுத்தவரை அவர்கள் கருதியது சரியே.

ஆனால் இன்று கொழும்பு நகரிலே அந்த வண்டியில் ஓடுபவன் யார்? தோளிலே உணவுப் பெட்டியும் கையிலே தொலைபேசியுமாக, காலி வீதியில் ஒரு சமிக்ஞை விளக்கிலிருந்து மறு விளக்குவரை ஊர்ந்து, நாளெல்லாம் பிறர் பசி தீர்க்கும் இளைஞன். அத்தகைய ஒருவனை வெள்ளவத்தையில் உள்ள சிறு கராஜ் ஒன்றிலே நாம் சந்தித்தோம். மலையகத்துப் பிள்ளை, தேயிலைத் தோட்டத்து லயன் அறையிலிருந்து நகருக்கு வந்தவன். கராஜ்காரரோ யாழ்ப்பாணத்தவர், ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்.

"அண்ணே, ஓடுறப்ப ஒண்ணும் இல்ல. சிக்னல்ல நின்னாத்தான் கால் பொசுங்குது. எஞ்சின் சத்தமும் மாறுது. ஒரு பேன் போட்டுத் தாங்க" என்றான் அவன்.

"தம்பி, முதல்ல சேத்தைக் கழுவுவம். விசிறியைப் பற்றிப் பிறகு கதைப்பம்" என்றார் அவர்.

அவர் கூறியதிற் பொருளிருந்தது. செட்டைகளுக்கிடையே மண்ணும் எண்ணெயும் சேர்ந்து இறுகியிருந்தால் எத்துணைக் காற்று அடித்தும் பயனில்லை. எண்ணெய் கறுத்துக் குறைந்திருந்தது, அதனை மாற்றினார். பிளக்கைக் கழற்றிப் பார்த்தார்; அதன் நுனி வெளுத்திருந்தது. எரிபொருள் குறைந்து காற்று மிகுந்த கலவை இயந்திரத்தை மேலும் சூடாக்கும் என்று சொல்லிக் காபரேற்றரைத் திருத்தினார். வேலையினூடே அவர் 1990களின் கதையையும் கூறினார். பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடையாமற் போன நாட்களில், சில துளி பெற்றோலால் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயிலே வண்டி ஓட்டிய தலைமுறை அவருடையது. மண்ணெண்ணெய் உரிய நேரத்துக்கு முன்னரே வெடித்து இயந்திரத்தைத் தட்டும், சூடு ஏறும், எரியாது எஞ்சியது கீழிறங்கி எண்ணெயையும் கெடுக்கும். அந்தப் பள்ளிக்கூடத்திலேதான் இயந்திரத்தின் காய்ச்சலைக் கைவைத்தே அறியும் வித்தையை அவர் கற்றார். தட்டுப்பாடு வந்தபோதெல்லாம் நம் மக்களின் விரல்கள் அறிவு பெற்றிருக்கின்றன. 2022இல் வாரத்துக்கு நான்கு லீற்றர் பெற்றோலை எண்ணி எண்ணிச் செலவழித்தபோதும் அதையே கண்டோம்.

இவ்வளவும் செய்த பின்னரே விசிறிக்கு வந்தார். பன்னிரண்டு வோல்ற்றில் ஓடும் சிறிய விசிறி. கணினிப் பெட்டியிற் பூட்டும் விசிறி மலிவானதென்றாலும், அது தரும் காற்று போதாது, மழைக்கும் தாங்காது. ஆகவே வேறொரு வண்டியின் ரேடியேற்றரிலிருந்து கழற்றிய விசிறியை எடுத்தார். அது இரண்டு அம்பியர் இழுத்தால் இருபத்துநான்கு வாற்று. முன்விளக்கு முப்பத்தைந்து வாற்று எரிக்கின்ற சிறு வண்டிக்கு அது அற்பச் சுமையன்று. அதிலும் ஓர் இடக்கு உண்டு. வண்டி நின்று இயந்திரம் மெல்ல ஓடும்போதே விசிறி வேண்டும். அப்போதே மின் உற்பத்தியும் குறைகின்றது. விசிறியை ஓயாது ஓடவிட்டால் இயந்திரம் குளிரும், பற்றறி சாகும். எனவே சிலிண்டர்த் தலையின் செட்டையோடு ஒட்டிய வெப்பச் சுவிச்சு ஒன்றின் வழியே, சூடு எல்லை மீறும்போது மட்டும் விசிறி சுழலுமாறு இணைத்தார். தனிப் பியூஸ் ஒன்றும் வைத்தார். இயந்திரத்தின் அதிர்வு தாக்காதபடி விசிறியைச் சட்டத்துக் குழாயிலே பூட்டினார். நேர் முன்னால் வைத்தால் ஓடும்போது வரும் இயற்கைக் காற்றை அதுவே மறிக்கும். ஆதலால் பக்கவாட்டில் வைத்தார்.

இதே விசிறி வேறொரு உலகத்திலும் உண்டு. அமெரிக்காவிலே ஹார்லி டேவிட்சன் போன்ற பெரு வண்டிகளில் முன் சிலிண்டரின் மறைவிலே நிற்கும் பின் சிலிண்டர் அதிகம் கொதிக்கும். அதற்கென விற்கப்படும் பளபளப்பான விசிறிகளை வாங்கிப் பூட்டுவோர் பலருக்கு வண்டி ஓய்வுநாள் இன்பம். விஞ்ஞானம் ஒன்றே, அது அங்கே பொழுதுபோக்கின் அணியாகவும் இங்கே நாட்கூலியின் காப்பாகவும் அமைகின்றது.

வேலை முடிந்தது. காசை எண்ணிக் கொடுத்தவன் அந்த இளைஞன். வண்டியின் தவணை அவனுடையது, பெற்றோல் அவனுடையது, எண்ணெய், ரயர், இப்போது விசிறி, எல்லாம் அவனுடையவை. அவன் உழைப்பிலே பங்கு பெறும் நிறுவனம் இவற்றில் ஒன்றுக்கேனும் பொறுப்பில்லை. அவனைத் தொழிலாளி என்று அழைக்காமல் பங்காளர் என்றே அது அழைக்கின்றது. உணவகத்தின் வாயிலிலே உணவுக்காக அவன் காத்து நிற்கும் நேரத்துக்குக் கூலி இல்லை என்றும் அவன் கூறினான். இயந்திரத்தைக் கொதிக்கவைப்பது நின்றுகொண்டிருக்கும் நேரம். அவனைத் தேய்ப்பதும் அதே நேரந்தான்.

மனித உடலும் வெப்பத்தை வெளியேற்றியே உயிர் வாழ்கின்றது. அதன் செட்டை வியர்வை. வியர்வை ஆவியானாற்றான் உடல் குளிரும். கடற்காற்றில் ஈரம் மிகுந்த கொழும்பிலே அது எளிதில் ஆவியாவதில்லை. தலைக்கவசமும் தடித்த சட்டையும் அணிந்து, கீழே கொதிக்கும் இரும்பும் மேலே கொதிக்கும் வானுமாக நாளெல்லாம் இருப்பவனுக்கு நிழலும் குடிநீரும் இருபது நிமிட ஓய்வும் தரும் சுவிச்சை யார் பூட்டியிருக்கின்றார்கள்?

இந்நாட்டின் உழைப்பாளர் கேட்டுப் பெற்ற சட்டங்கள் உண்டு. 1934இன் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், 1941இன் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம், 1954இன் கடை, அலுவலக ஊழியர் சட்டம் என்பன அவற்றுட் சில. அவை யாவும் முதலாளி ஒருவன் இருக்கிறான் என்ற அடிப்படையிலேயே எழுந்தவை. இன்றைய முதலாளி தொலைபேசித் திரைக்குப் பின்னால் நின்று, தான் அங்கே இல்லை என்கிறான். அந்த வாதம் எல்லா இடங்களிலும் செல்லுபடியாவதில்லை. 2021இல் பிரித்தானிய உயர் நீதிமன்றம், செயலியொன்றின் வழியே ஓடிய வாடகைக் கார்ச் சாரதிகள் தொழிலாளரே என்றும், செயலியைத் திறந்துவைத்து ஓட்டத்துக்காகக் காத்திருக்கும் நேரமும் வேலை நேரமே என்றும் தீர்ப்பளித்தது. காத்திருத்தலும் உழைப்பே என்பதை ஒரு நாட்டின் சட்டம் ஏற்றுக்கொண்டது. நம் நாட்டிலும் இதைக் கேட்க வேண்டும். கேட்பவர்கள் ஒன்றுசேர வேண்டும்.

ஆசிரிய நண்பர்களே, மாணவ நண்பர்களே! வெப்ப இடமாற்றம் பற்றிய பாடத்தை வகுப்பறையில் நடத்தும்போது வீதியில் நிற்கும் அந்த வண்டியையும் உதாரணமாகக் காட்டுங்கள். செட்டை ஏன், விசிறி ஏன் என்று கேட்கும் மாணவன், விசிறிக்குப் பணம் கொடுத்தவன் யார் என்றும் கேட்கப் பழகட்டும். முதற் கேள்விக்கு விடை பௌதிகத்தில் உண்டு. இரண்டாவதற்கு விடை தேட நாம் அனைவரும் வீதிக்கு இறங்கவேண்டியிருக்கும்.